அன்னி பெசன்ட் – நாராயணையா வழக்கு

அடையாறு பிரம்மஞான சபையின் தலைவராக இருந்த அன்னி பெசன்ட் அம்மையாரிடமிருந்து தம் மகன்களில் இருவரைத் திரும்பப் பெற ஜிட்டு நாராயணையா என்ற ஓய்வுபெற்ற தாசில்தார் 1912 அக்டோபரில் தொடுத்த வழக்கு இது. செங்கல்பட்டு ஜில்லா கோர்ட்டில் தொடங்கியது. சென்னை உயர் நீதிமன்றத்தில் இரண்டு முறை தந்தைக்குச் சாதகமாகத் தீர்ப்பானது. 1914 மே 25 அன்று லண்டனில், அன்றைய இறுதி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் அந்த இரண்டு தீர்ப்புகளையும் தள்ளிவிட்டது. அந்த இருவரில் மூத்தவர்தான் பின்னாளில் ஜே. கிருஷ்ணமூர்த்தி என்று உலகம் அறிந்த சிந்தனையாளர். இளையவர் நித்தியானந்தா.

கிருஷ்ணமூர்த்தியின் வாழ்க்கையை எழுதியவர்கள் இதை ஒரு அத்தியாயத்தில் கடந்துபோகிறார்கள். வக்கீல்களுக்கு இது மைனர் பிள்ளைகளின் பாதுகாப்பு பற்றிய முன்தீர்ப்பு. ‘இந்தியன் அப்பீல்ஸ்’ 41ஆம் தொகுதியின் 314ஆம் பக்கம். இரண்டு தரப்பும் அதிகம் கவனிக்காத ஒன்று உண்டு. சென்னையில் நடந்த இரண்டு விசாரணைகளும் அந்தப் பையன்களைப் பற்றியே நடந்தன. ஆனால் அவர்கள் அந்த வழக்கில் ஒரு தரப்பாகவே சேர்க்கப்படவில்லை.

ஆற்றின் தென்கரை

நந்தனத்தில் டர்ன்புல்ஸ் சாலை முடிகிற இடத்தில் கோட்டூர்புரம் பாலம். அதன்மேல் நின்று கிழக்கே பார்த்தால் அடையாறு கடலை நோக்கிப் போவது தெரியும். ஆறு அகன்று முகத்துவாரமாகும் இடத்தில், தென்கரையில் பிரம்மஞான சபையின் தோட்டம் இருக்கிறது. ஹட்லஸ்டன் தோட்டம் என்று பெயர் பெற்றிருந்த அந்த இடத்தை, சபையை நிறுவியவர்களான கர்னல் ஆல்காட்டும் பிளாவட்ஸ்கி அம்மையாரும் 1882ல் வாங்கிச் சபையின் தலைமையகமாக்கினார்கள். இன்று எல்லாமே சென்னை மாநகராட்சிக்குள் அடக்கம். அன்று பட்டணத்தின் எல்லை அங்கே எட்டவில்லை. தென்கரை செங்கல்பட்டு ஜில்லாவைச் சேர்ந்தது. சென்னை உயர் நீதிமன்றம் நேரடியாக வழக்கு எடுத்துக்கொள்ளும் அதிகாரம் பட்டணத்துக்குள் மட்டுமே இருந்ததால், அடையாற்றில் எழுந்த தகராறுக்குப் பிராதைச் செங்கல்பட்டில்தான் கொடுக்க வேண்டியிருந்தது. நிலவரைபடத்தில் கிடந்த இந்தக் கோடுதான் ஒன்றரை ஆண்டுக்குப் பின் லண்டனில் வழக்கின் தலையெழுத்தை மாற்றியது.

நாராயணையா மதனப்பள்ளியைச் சேர்ந்த ஆசாரமான தெலுங்கு பிராமணக் குடும்பத்தவர். 1882 முதல் சபையின் உறுப்பினர். மனைவி சஞ்சீவம்மா 1905ல் காலமானார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது மாதம் 112 ரூபாய் பென்ஷன். தாயில்லாத பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்தப் பணத்தில் காலம் தள்ள முடியாமல், சபையில் வேலை கேட்டுத் திரும்பத் திரும்ப எழுதினார். 1909 ஜனவரியில் பிள்ளைகளோடு அடையாறு வந்து சேர்ந்தார். தோட்டத்துக்கு வெளியே ஒரு பழைய வீட்டில் குடியிருப்பு. கிருஷ்ணமூர்த்தியும் நித்தியானந்தாவும் மயிலாப்பூர் பெண்ணாத்தூர் சுப்பிரமணியம் பள்ளிக்கு நடந்தே போய்வந்தார்கள். மந்தமானவன் என்று பெயர் வாங்கிய மூத்தவனுக்குப் பள்ளியில் அடியும் கிடைத்தது.

அதே ஆண்டு, சபையின் முக்கியஸ்தரான சார்லஸ் லெட்பீட்டர் அடையாற்றுக் கடற்கரையில் கிருஷ்ணமூர்த்தியைப் பார்த்தார். சபையினர் எதிர்பார்த்திருந்த உலக ஆசான் இறங்கி வரப்போகும் உடல் இதுதான் என்று அறிவித்தார். அதோடு பையன்களின் பள்ளிக்கூடம் நின்றது. சபைத் தோட்டத்திலேயே ஆங்கிலமும் மற்றப் பாடங்களும் தொடங்கின. 1911ல் கிருஷ்ணமூர்த்தியைத் தலைவராகக் கொண்டு கீழ்த்திசை விண்மீன் சங்கம் உருவானது.

ஒரு கடிதம், பிறகு ஒரு பயம்

1910 மார்ச் 6 அன்று நாராயணையா ஒரு கடிதத்தில் கையெழுத்திட்டார். இரண்டு மகன்களுக்கும் அன்னி பெசன்டைக் கார்டியனாக நியமிப்பதாக அதில் இருந்தது. பின்னால் நடந்த வழக்கு முழுவதும் இந்தக் கடிதத்தைச் சுற்றியே நடந்தது. தந்தை தன் பிள்ளைகள் மீதுள்ள உரிமையை ஒரு கடிதத்தால் இன்னொருவருக்குக் கொடுத்துவிட முடியுமா? கொடுத்தால் திரும்பக் கேட்க முடியுமா?

கையெழுத்திட்டபோது அவர் மனதில் என்ன இருந்தது என்பதை ஊகிப்பது கடினமல்ல. சீமைப் படிப்பு அந்தக் காலத்தில் குடும்பத்தையே தூக்கி நிறுத்தும். அதை இலவசமாகத் தர முன்வந்தவர் உலகம் மதித்த ஓர் அம்மையார். ஆனால் லெட்பீட்டரைப் பற்றி வெளியே வந்த பேச்சு தந்தையின் நிம்மதியைக் கெடுத்தது. சிறுவர்களுக்கு அவர் சொன்ன சில அறிவுரைகள் ஒழுக்கக்கேடானவை என்று புகார் எழுந்து, 1906ல் அவர் சபையை விட்டு விலக நேர்ந்தது. பெசன்ட் தலைவரான பிறகு மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டார். அப்படிப்பட்டவர் அருகில் என் பிள்ளைகள் இருக்கக் கூடாது என்பது நாராயணையாவின் முதல் கோரிக்கை. மகனைத் தெய்வமாக்கிப் பெரியவர்கள் அவன் காலில் விழுவதும் அவருக்குப் பொறுக்கவில்லை.

1912 ஜனவரியில் நாராயணையாவுக்கும் பெசன்டுக்கும் இடையே ஒரு சமரசம் உண்டானது. பிள்ளைகள் இங்கிலாந்தில் படிக்கத் தடையில்லை என்று தந்தை எழுதிக் கொடுத்தார். அடுத்த மாதம் பையன்கள் கப்பலேறினார்கள். லெட்பீட்டரிடமிருந்து பிள்ளைகளை விலக்கி வைப்பதாகச் சொன்ன வாக்கு காக்கப்படவில்லை என்று தந்தை கருதினார். அக்டோபர் 24ஆம் தேதி பிராது தாக்கலானது. அன்று கிருஷ்ணமூர்த்திக்கு வயது 17, நித்தியானந்தாவுக்கு 14.

சென்னையில் நடந்த விசாரணை

செங்கல்பட்டில் தாக்கலான வழக்கை உயர் நீதிமன்றம் தன்னிடம் வரவழைத்துக்கொண்டது. கீழ்க்கோர்ட்டு வழக்கை அப்படி எடுத்துக்கொள்ள லெட்டர்ஸ் பேட்டன்ட் எனப்படும் அதன் சாசனத்தின் 13ஆம் பிரிவு இடமளித்தது. 1913 மார்ச்சில் நீதிபதி பேக்வெல் முன் விசாரணை தொடங்கியது. தந்தைக்காக வாதாடிய இளம் வக்கீல் சி. பி. ராமசாமி ஐயர். பெசன்ட் வக்கீல் வைத்துக்கொள்ளவில்லை. தாமே நின்று வாதாடினார். சட்டம் படிக்காத அறுபத்தைந்து வயதுப் பெண்மணி சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்வதைப் பார்க்கப் பட்டணமே திரண்டது. தம் சொந்த வாழ்க்கையில் இங்கிலாந்து நீதிமன்றம் ஒன்று மகளைத் தம்மிடமிருந்து பிரித்ததை அனுபவித்தவர் அவர். மத எதிர்ப்புக் கருத்துகளும் வெளியீடுகளும் அவரைத் தாயாக இருக்கத் தகுதியற்றவராக்குகின்றன என்று 1870களின் இறுதியில் அங்கே தீர்ப்பாயிற்று. அந்தக் காயத்தோடு வந்தவர், இங்கே இன்னொரு பெற்றோருக்கு எதிர்த்தரப்பில் நின்றார். இந்த வழக்கை வாசிக்கும்போது எனக்கு மிகவும் வலிக்கிற இடம் இதுதான்.

ஏப்ரல் 15 அன்று தீர்ப்பு வந்தது. லெட்பீட்டர் மீது தந்தை சொன்ன குறிப்பான குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை என்றார் நீதிபதி. ஆனால் லெட்பீட்டரின் கருத்துகள் ஒழுக்கத்துக்கு ஒவ்வாதவை, சிறுவர்கள் அவரோடு பழகுவது தகாது என்றும் முடிவு செய்தார். தந்தை கொடுத்த அனுமதி திரும்பப் பெறக்கூடியது என்றார். பையன்களை நீதிமன்றத்தின் பாதுகாப்பில் உள்ள வார்டுகள் என்று அறிவித்து, மே 26க்குள் அவர்களைத் தந்தையிடம் ஒப்படைக்க உத்தரவிட்டார்.

வார்டு என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. 1875ஆம் ஆண்டின் இந்திய மேஜர் வயதுச் சட்டப்படி 18ல் மைனர் நிலை முடியும். நீதிமன்றம் கார்டியன் நியமித்திருந்தால் அது 21 வரை நீளும். கிருஷ்ணமூர்த்திக்கு 18 நிறைய அப்போது ஒரு மாதம்கூட இல்லை.

பெசன்ட் மேல்முறையீடு செய்தார். தலைமை நீதிபதி சர் ஆர்னால்ட் ஒயிட்டும் நீதிபதி ஓல்ட்ஃபீல்டும் 1913 அக்டோபரில் பேக்வெல்லின் தீர்ப்பை உறுதி செய்தார்கள். லெட்பீட்டரைப் பற்றி எழுதியதற்காக டாக்டர் டி. எம். நாயர் மீது பெசன்ட் தொடுத்த அவதூறு வழக்கும் அவருக்குக் கைகொடுக்கவில்லை. இதே நாயர்தான் மூன்று ஆண்டுகள் கழித்து ஜஸ்டிஸ் கட்சியைத் தோற்றுவித்தவர்களில் ஒருவர். சென்னையில் எல்லாக் கதவும் அடைத்த பின் பெசன்ட் லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போனார்.

பிரிவி கவுன்சில் சொன்னது

தீர்ப்பை எழுதியவர் லார்ட் பார்க்கர். லெட்பீட்டர் நல்லவரா கெட்டவரா, உலக ஆசான் வருவாரா மாட்டாரா என்ற பேச்சுக்கே அவர் போகவில்லை. அதற்கும் முந்திய ஒரு கேள்வியை எடுத்தார்: இந்த வழக்கைச் செங்கல்பட்டு ஜில்லா கோர்ட் எடுத்திருக்கவே முடியுமா?

1890ஆம் ஆண்டின் கார்டியன்கள் மற்றும் வார்டுகள் சட்டம், 9ஆம் பிரிவில், மைனர் வழக்கமாக எங்கே வசிக்கிறாரோ அந்த ஜில்லாவின் கோர்ட்டுக்கே அதிகாரம் என்கிறது. பிராது தாக்கலாவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே பையன்கள் இந்தியாவை விட்டுப் போயிருந்தார்கள். இங்கிலாந்தில் படித்து ஆக்ஸ்போர்டில் சேருவது நோக்கம். தந்தையின் வீடு செங்கல்பட்டு ஜில்லாவில் இருக்கிறது என்பதற்காகப் பிள்ளைகளும் அங்கே வசிப்பதாகக் கொள்ள முடியாது. ஜில்லா கோர்ட்டுக்கு இல்லாத அதிகாரம், வழக்கு உயர் நீதிமன்றத்துக்கு மாறியதால் முளைத்துவிடாது. வந்த வழக்கோடு கீழ்க்கோர்ட்டின் அதிகாரம்தான் வரும்.

அடுத்து, சாதாரணச் சொத்து வழக்கைப் போல வாதி, பிரதிவாதி என்று இருவருக்குள் நடத்தி முடித்திருக்கிறார்கள் என்று பிரிவி கவுன்சில் கண்டது. பிள்ளைகளின் நலனே முதன்மையாக இருக்க வேண்டிய வழக்கில் பிள்ளைகள் தரப்பு இல்லை. அவர்களின் நலனைத் தனியே ஆராய்ந்ததாகவும் தெரியவில்லை. இங்கிலாந்தில் இருக்கும் பையன்களை அவர்கள் சம்மதமின்றிக் கப்பலேற்றிக் கொண்டுவரும்படி ஒருவருக்கு உத்தரவிட்டால், நிறைவேற்ற முயல்பவர் அங்கே ஆட்கொணர்வு மனுவுக்குப் பதில் சொல்ல நேரும். அப்படிப்பட்ட உத்தரவு பிறப்பிக்கப்பட்டிருக்கவே கூடாது. தந்தை பிள்ளைகளைத் திரும்பப் பெற விரும்பினால் இங்கிலாந்தின் உயர் நீதிமன்றத்தை அணுகலாம் என்று சொல்லி, வழக்கைத் தள்ளியது.

இந்தத் தீர்ப்பில் இன்றும் வக்கீல்கள் எடுத்துக்காட்டும் பகுதி கார்டியன் பொறுப்பைப் பற்றியது. தந்தையின் பாதுகாவல் ஒரு புனிதமான பொறுப்பு. உயிரோடு இருக்கும்போதே அதை இன்னொருவர் பெயருக்கு மாற்றிக்கொடுக்க முடியாது. வளர்ப்பையும் படிப்பையும் பிறரிடம் ஒப்படைக்கலாம். பிள்ளைகளின் நலன் கேட்டால், எந்த ஒப்பந்தம் இருந்தாலும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். இந்த மட்டில் நாராயணையா சொன்னதைத்தான் பிரிவி கவுன்சிலும் சொன்னது. கூடவே ஒரு விதிவிலக்கையும் வைத்தது. அந்த ஒப்படைப்பை நம்பிப் பிள்ளைகள் புதிய உறவுகளையும் எதிர்பார்ப்புகளையும் வளர்த்துக்கொண்டிருந்து, அவற்றைக் கலைப்பது அவர்களுக்கு நல்லதல்ல என்று நீதிமன்றம் கருதினால், தந்தை திரும்பக் கேட்பதைத் தடுக்கலாம்.

சட்டமாகப் பார்த்தால் பிரிவி கவுன்சிலின் தீர்ப்பு சரி என்றே நான் நினைக்கிறேன். பிள்ளைகள் இருக்கும் இடத்து நீதிமன்றத்தால்தான் அவர்களை நேரில் பார்க்கவும் கேட்கவும் முடியும். ஆனால் 112 ரூபாய் பென்ஷன்காரரிடம் லண்டனுக்குப் போய் வழக்குப் போடு என்பது, கதவைக் காட்டிவிட்டுச் சாவியைக் கடலுக்கு அப்பால் வைப்பது போன்றது. நாராயணையா அங்கே போகவில்லை. அந்த விதிவிலக்கிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. பிள்ளையை யார் அதிக நாள் தம்மிடம் வைத்திருக்கிறார்களோ அவர்கள் பக்கம் தராசு சாயும். பணமும் வசதியும் உள்ளவர்களால் நாளைக் கடத்த முடியும், இல்லாதவர்களால் முடியாது. இந்தத் தீர்ப்பை மேற்கோள் காட்டும் வக்கீல்கள் இந்தப் பக்கத்தையும் நீதிபதிக்குச் சொல்ல வேண்டும்.

வழக்குக்குப் பின்

பிரிவி கவுன்சில் கணக்கில் எடுத்துக்கொண்ட ஆக்ஸ்போர்டு நிறைவேறவில்லை. இருவரில் ஒருவரும் அங்கே படிக்கவில்லை. கிருஷ்ணமூர்த்தி நுழைவுத் தேர்வுகளில் திரும்பத் திரும்பத் தோற்றார். நித்தியானந்தா சட்டப் படிப்பில் தேறினார். நாராயணையா 1924ல் இறந்தார். அடுத்த ஆண்டு நவம்பர் 13 அன்று கலிபோர்னியாவின் ஓஹையில் நித்தியானந்தா காசநோயால் இறந்தார். 1929 ஆகஸ்ட் 3 அன்று ஹாலந்தின் ஓமனில் கிருஷ்ணமூர்த்தி தம் பெயரில் கட்டப்பட்ட விண்மீன் சங்கத்தைக் கலைத்தார். எந்த நீதிமன்றமும் அவரிடம் கேட்காத கேள்விக்கு, 34ஆம் வயதில் அவரே சொன்ன பதிலாகத்தான் அதை நான் வாசிக்கிறேன்.

தந்தைக்காக வாதாடிய சி. பி. ராமசாமி ஐயர் சில ஆண்டுகளிலேயே பெசன்ட் பக்கம் சேர்ந்தார். 1916ல் அம்மையார் ஹோம் ரூல் இயக்கத்தைத் தொடங்கியபோது அவருக்கு மிக நெருக்கமான துணைகளில் ஒருவர் சி. பி. நீதிமன்றத்தில் எதிரெதிரே நின்றது அவர்கள் மதிப்பைக் குலைக்கவில்லை. அந்தக் காலத்து மயிலாப்பூர் வக்கீல் உலகத்தைப் புரிந்துகொள்ள இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

சட்டம் வந்த வழி

சுதந்திரத்துக்குப் பின் 1956ல் வந்த இந்து மைனர் மற்றும் கார்டியன் சட்டம், 13ஆம் பிரிவில், மைனரின் நலனே முதன்மை என்று எழுதிவைத்தது. இயற்கையான கார்டியன் தந்தை, அவருக்குப் பின் தாய் என்ற அதன் 6ஆம் பிரிவை எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1999ல் விரித்துப் பொருள் கொண்டது. ‘பின்’ என்பதற்குத் தந்தையின் மரணத்துக்குப் பின் என்று மட்டும் அர்த்தமில்லை. அவர் பொறுப்பேற்காத நிலையிலும் தாய் கார்டியனாகலாம் என்றது. அதற்கு முன்பே, 1973ல், சென்னையிலிருந்து போன ஒரு குடும்ப வழக்கில், பிள்ளைகள் பெற்றோரின் உடைமையும் அல்ல, விளையாட்டுப் பொருளும் அல்ல என்ற கருத்தை உச்ச நீதிமன்றம் அழுத்தமாகச் சொல்லியிருந்தது.

‘வழக்கமாக வசிக்கும் இடம்’ என்ற கேள்வி இன்று முன்னைவிட அதிகமாக எழுகிறது. அமெரிக்காவில் வேலை, இந்தியாவில் பெற்றோர், நடுவில் பிரிந்துபோன தம்பதி, இரண்டு நாட்டுக்கும் இடையே பள்ளி மாறும் குழந்தை: தி. நகரிலும் அடையாற்றிலும் இப்படிப்பட்ட குடும்பம் ஒன்றைத் தெரியாதவர்கள் குறைவு. அமெரிக்காவிலிருந்து வந்து குழந்தையோடு டெல்லியில் தங்கிவிட்ட ஒரு தாயின் வழக்கில் 2011ல் உச்ச நீதிமன்றம் இந்தப் பழைய அடையாற்று வழக்கை எடுத்துப் பேசியது. குழந்தை டெல்லியில் வசித்துப் படித்துவருவதால் டெல்லி நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்று முடிவு செய்தது. பெற்றோரின் நிரந்தர முகவரி எதுவாக இருந்தாலும், பிள்ளை உண்மையில் எங்கே வாழ்கிறது என்பதே கணக்கு.

இன்று சென்னைக் குடும்ப நல நீதிமன்றத்தில் இப்படிப்பட்ட மனுக்கள் வரும்போது நீதிபதி பிள்ளையைத் தம் அறைக்கு அழைத்துத் தனியே பேசுவதுண்டு. வெளியே இரண்டு பக்கத்து வக்கீல்களும் தாத்தா பாட்டிகளும் காத்திருப்பார்கள். யாரோடு இருக்க ஆசை என்று நேராகக் கேட்காமல், பள்ளியைப் பற்றி, நண்பர்களைப் பற்றி, எங்கே தூங்குகிறாய் என்பதைப் பற்றிப் பேச்சைத் தொடங்குவதே நல்ல முறை. தனக்கென்று கருத்துச் சொல்லும் அளவுக்கு விவரம் வந்த மைனரின் விருப்பத்தை நீதிமன்றம் கவனிக்கலாம் என்பது கார்டியன்கள் மற்றும் வார்டுகள் சட்டத்தின் 17ஆம் பிரிவின் 3ஆம் உட்பிரிவு.

இது புதிதாகச் சேர்க்கப்பட்ட பிரிவல்ல. 1890ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருந்தது. நீதிபதி பேக்வெல்லின் மேசை மேல் இருந்த அதே சட்டம். இந்த வழக்கு லண்டனில் முடிந்த நாளில் கிருஷ்ணமூர்த்திக்கு 19 வயது. நித்தியானந்தாவுக்கு 16 நிறைய இன்னும் ஐந்து நாள் இருந்தது.